பெயர் கொடுக்காத பிள்ளைகளுக்கு



இத்தலாரிலும் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கிராஸ் கன்ட்ரி ஓட்டக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் பெயர் எழுதச் சொல்லி, ஒரு நோட்டு பத்து நாளாக உங்கள் வகுப்புகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று அதைப் பிரித்துப் பார்த்தேன். பதினோரு பெயர்கள் இருந்தன. அதில் ஒன்பது, ஏற்கெனவே விளையாட்டு விழாவில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர்கள். அவர்களுக்கு இந்த மடல் தேவையில்லை. நோட்டைக் கையில் வாங்கி, கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அடுத்த பெஞ்சுக்குத் தள்ளிவிட்டவர்களோடுதான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

ஏன் எழுதவில்லை என்று சிலரைக் கேட்டேன். "நான் ரொம்ப ஸ்லோ அத்தை" என்றாள் ஒருத்தி. "எப்படியும் செலக்‌ஷன்ல எடுக்க மாட்டாங்க" என்றான் ஒருவன். இன்னொருத்தி, "கடைசியா வந்தா எல்லாரும் சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

நானும் அப்படித் தரையைப் பார்த்து நின்றிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது வெளியூரில் ஒரு பள்ளியில் விடுதியில் இருந்தேன். நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று மைதானத்தில் நிற்க வைத்தார்கள். ஒரே ஒரு சுற்று. முதலில் வந்த நான்கு பேரை நிறுத்திக்கொண்டு மற்ற எல்லோரையும் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்த ஒற்றைச் சுற்றில், ஒரு பிள்ளை ஐந்து கிலோமீட்டர் ஓடத் தக்கவளா என்று யாரால் சொல்ல முடியும்? இதைக் கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஓட வராது என்று நானே தீர்மானித்துக்கொண்டு நாற்பது வருடத்தைக் கழித்துவிட்டேன்.

அந்தத் தீர்மானம் தப்பு என்று எனக்குத் தெரிந்தது, இங்கிருந்து வெகுதூரத்தில், பனியில் நிற்கும்போது.

என் அக்காவின் மகள் குடும்பம் அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தேன். அவளுடைய பெண் அப்போதுதான் ஒன்பதாவது சேர்ந்திருந்தாள். பள்ளியின் ஸ்கீ குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாள் என்றார்கள். ஸ்கீ என்றதும் சினிமாவில் வருவது போல மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவது என்று நினைத்துப் பயந்துவிட்டேன். இது வேறு. கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் ஏற்றம், இறக்கம், சமதளம் எல்லாவற்றையும் தன் கால் பலத்தாலும் கை பலத்தாலும் கடக்க வேண்டும். காலில் நீளமான, ஒல்லியான இரண்டு பட்டைகள். பூட்ஸின் நுனி மட்டும்தான் அதில் மாட்டியிருக்கும். குதிகாலைத் தூக்கித் தூக்கி நடக்க வசதியாக மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோல். செங்குத்தான ஏற்றம் வந்தால் பட்டைகளின் முன்பக்கத்தை விரித்து வைத்து ஏறுகிறார்கள். பனியில் மீன்முள் போட்ட மாதிரி தடம் விழும். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் மூட்டையோடு ஏறுகிற நம் பெண்களுக்குப் பார்த்தவுடன் புரிகிற வேலை அது. மூச்சுதான் முதல், வேகமெல்லாம் பிறகுதான்.

அந்தப் பள்ளியில் பெயர் கொடுத்த எல்லோரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தரையும் கழிக்கவில்லை. எங்கள் பெண்ணுக்கு முதல் இரண்டு வாரம் நிற்கவே வரவில்லை.

அவளுடைய முதல் போட்டிக்கு நானும் போயிருந்தேன். அன்றைக்கு மைனஸ் 14 டிகிரி. நம் ஊரில் டிசம்பர், ஜனவரியில் எமரால்டு, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழும்போது, விடியுமுன் கேரட் தோட்டத்துக்குத் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவுவோம்; தேயிலைச் செடிமேல் தாகைச் செடிகளைப் போட்டு மூடுவோம். அதுதான் எனக்குத் தெரிந்த பெரிய குளிர். அங்கே, கையுறைக்குள் விரல் மரத்துப்போக, ஓட்டம் முடிகிற கோட்டருகே நின்றேன். தூரம் ஐந்து கிலோமீட்டர். முதலில் வந்த பெண் எங்கள் பெண்ணின் குழுத் தலைவி, பன்னிரண்டாவது படிக்கிறவள். வந்ததும் குனிந்து மூச்சு வாங்கினாள், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு வீட்டுக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன். அவளோ தடத்தின் ஓரமாகவே திரும்பி நடந்து, கடைசி ஏற்றத்தின் உச்சியில் போய் நின்றுகொண்டாள். ஓடி முடித்த மற்றவர்களும் ஒவ்வொருவராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றிருப்பார்கள். எங்கள் பெண் கடைசிக்கு முந்தியவளாக அந்த ஏற்றத்தில் தள்ளாடி வந்தபோது, அத்தனை பேரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எதிர்க்குழுப் பிள்ளைகளும்கூட. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள், வேறு பள்ளி. அவளுக்கும் அதே கத்தல்.

நான் அழுதுவிட்டேன். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

அன்று இரவு எங்கள் பெண்ணிடம் கேட்டேன், இது உங்கள் பள்ளி வழக்கமா என்று. "இந்த விளையாட்டே அப்படித்தான் பாட்டி" என்று சொல்லி எனக்குச் சில கதைகள் சொன்னாள். பிறகு நானே தேடிப் படித்தேன். அதில் ஒன்றை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது நம்மைப் போன்ற மலைநாட்டு ஆள் ஒருவருடைய கதை.

கென்யாவில் எல்டோரெட் என்று ஒரு மலைநாட்டு ஊர் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் உயரம்தான். அந்த வட்டாரத்தில் தேயிலையும் உண்டு. அந்தப் பக்கத்து 800 மீட்டர் ஓட்டக்காரர் பிலிப் போயிட். 1996-ல் பின்லாந்துக்குப் போய்த்தான் முதன்முதலாகப் பனியைக் கண்ணால் பார்த்தார். இரண்டே வருடம் கழித்து, 1998-ல், ஜப்பானில் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டத்தில் நின்றார். தங்கம் வாங்கியவர் நார்வேயின் பியோர்ன் டேலி, அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய ஸ்கீ வீரர். போயிட் 92-வதாக, எல்லோருக்கும் கடைசியாக வந்தார். டேலிக்கும் அவருக்கும் இடையே இருபது நிமிடம். பதக்கம் கொடுக்கும் நேரம் வந்தும் டேலி மேடைக்குப் போகவில்லை. கோட்டருகே நின்று காத்திருந்து, போயிட் வந்ததும் கட்டித் தழுவிக்கொண்டார். போயிட் பிறகு தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார்.

இருபது வருடம் கழித்து 2018-ல், கொரியாவில் பியோங்சாங் ஒலிம்பிக். 15 கிலோமீட்டர் ஓட்டம். இந்தியாவின் ஜக்தீஷ் சிங் அதில் 103-வதாக வந்தார். கடைசியாக வந்தவர் மெக்சிகோவின் ஹெர்மான் மத்ராசோ, வயது 43. கையில் தன் நாட்டுக் கொடியோடு கோட்டைத் தாண்டியதும், அவருக்கு முன்னால் வந்திருந்தவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யாவும் அங்கே நின்று கைகொடுத்தார்.

நமக்குப் பனி இல்லை. ஸ்கீயும் இங்கே இல்லை. ஆனால் ஓடி முடித்தவர் திரும்பி நடந்து போய்க் கடைசி ஏற்றத்தில் நிற்பதற்குப் பனி எதற்கு? அந்த ஒன்றை இத்தலாருக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் ஊர் திரும்பியதும் உங்கள் பி.டி. சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே குழு தொடங்கும் யோசனையில் இருந்தார். பெயர் கொடுக்கிற எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் வைத்த கோரிக்கை. ஒத்துக்கொண்டார். ஆகவே செலக்‌ஷன் கிடையாது. அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

"சரி அத்தை, சேர்த்துக்கிறது அன்பு. ஆனா நான் வந்தா டீமுக்கு என்ன பிரயோஜனம்?" என்று ஒரு புத்திசாலிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு அன்பை வைத்துப் பதில் சொல்ல மாட்டேன். கணக்கு வைத்தே சொல்கிறேன், நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

உலகக் கிராஸ் கன்ட்ரி போட்டிகளில் ஒரு அணிக்கு ஆறு பேர் ஓடுவார்கள். அதில் முதலில் வரும் நான்கு பேருடைய இடங்களைக் கூட்டுவார்கள். முதலாவது வந்தால் 1, பத்தாவது வந்தால் 10. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கு வெற்றி. இப்போது இரண்டே அணிகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். எதிரணியில் இரண்டு பேர் சூரர்கள். 1, 2 இரண்டையும் அவர்கள் எடுத்துவிட்டார்கள். நம் அணியின் நான்கு பேர் 3, 4, 5, 6. நம் கூட்டுத்தொகை 18. எதிரணியின் மூன்றாவது, நான்காவது ஆள்கள் 7, 8 என்று வந்தால் அவர்களுடைய கூட்டுத்தொகையும் 18. சமம். ஆனால் நம் ஐந்தாவது, ஆறாவது ஆள்கள் அந்த இரண்டு பேரை விட ஒரே ஒரு அடி முன்னால் வந்து 7, 8 இடங்களை எடுத்துவிட்டால்? அவர்கள் 9, 10-க்குத் தள்ளப்படுவார்கள். அவர்கள் கூட்டுத்தொகை 22 ஆகிவிடும். நம்முடையது 18. ஜெயித்துவிட்டோம். ஜெயிக்க வைத்தவர்கள் யார்? கணக்கில் பெயரே வராத ஐந்தாவது, ஆறாவது பிள்ளைகள்.

இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் படித்த பள்ளியில் முதல் நான்கு பேரை நிறுத்திக்கொண்டு எங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன். ஆறாவதாக ஓடும் பிள்ளையும் வானத்திலிருந்து வருவதில்லை. இன்றைக்குக் கடைசியாக வருகிற பிள்ளைதான், விடாமல் வந்துகொண்டிருந்தால், அடுத்த வருடம் ஆறாவது இடத்தில் ஓடுகிறாள்.

இனி நம் மலையைப் பற்றி. பக்கத்தில் இருக்கிற ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. உடம்பு அதை ஈடுகட்ட இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. உலகத்தின் பெரிய ஓட்டக்காரர்கள் பயிற்சிக்குப் போகும் கென்யாவின் இட்டென் 2400 மீட்டர். நம் நாட்டின் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் பயிற்சிக்கு ஊட்டிக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் தேடிவந்து தங்கி, பழகிக்கொண்டு போகிற காற்றில் நீங்கள் பிறந்து வளர்ந்திருக்கிறீர்கள். பாலாடாவுக்கும் எமரால்டுக்கும் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோ இருக்கிற ஊர் இது.

ஆனால் உயரம் மட்டும் யாரையும் ஓட வைத்துவிடாது. கோவிந்தன் லட்சுமணன் எந்த மலையிலும் பிறக்கவில்லை. புதுக்கோட்டை வெயிலில் வளர்ந்தவர். 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் அவருக்குத்தான். அதே மாவட்டத்துப் பெண் சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு தூரத்திலும் தங்கம் வாங்கினார். ஓடிப் பழக ஒரு குழுவும், விடாமல் ஓட வைக்க ஓர் ஆளும் இருந்தால் சமவெளியிலிருந்தே அவ்வளவு வரும். இங்கே அப்படி ஒரு குழு இல்லாமல் போனதுதான் எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல்.

ஸ்கீ மேலேயே ஆசை வந்துவிட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு பெயரும் சொல்கிறேன். நமக்கு வடக்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், குடகு இருக்கிறது. நமக்குத் தேயிலை, அவர்களுக்குக் காப்பி. அங்கேயும் பனி பெய்யாது. அங்கிருந்து வந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, காஷ்மீர் குல்மார்க்கில் நடக்கும் குளிர்கால விளையாட்டில் கர்நாடகத்துக்காகப் பதக்கங்கள் வாங்கினார். பிறகு தென்னமெரிக்காவில் சிலி நாட்டில் நடந்த பன்னாட்டுக் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ போட்டியில் 5 கிலோமீட்டரில் வெண்கலம். பனி இல்லாத மாதங்களில் ஸ்கீ வீரர்கள் பெரும்பாலும் சக்கரம் வைத்த பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில்தான் பழகுகிறார்கள். கூடவே மலையேற்றமும் ஓட்டமும். ஓட்டம் நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாம்.

இனி எப்படி ஓடுவது என்று பேசுவோம்.

முதல் மாதம் யாரும் வேகமாக ஓடக் கூடாது. பக்கத்தில் ஓடுகிறவளோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் நடங்கள். நடப்பது தோல்வி இல்லை. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், ஆனால் முழங்காலும் கணுக்காலும் பழக இன்னும் நாளாகும்; வலியெடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூச்சு பழகிய தைரியத்தில் தூரத்தைக் கூட்டியவர்கள்தான். ஏற்றத்தில் சின்ன அடி வையுங்கள். இறக்கத்தில் இன்னும் கவனம்: முழங்காலை வாட்டுவது இறக்கம்தான். மூடுபனி இறங்கிய நாளில் தோட்டத்துப் படிக்கல் வழுக்கும், அன்றைக்கு ரோட்டோரம் போதும். விலை உயர்ந்த ஷூ வேண்டாம். காலுக்குச் சரியாக இருக்கிற, அடி தேயாத ஒன்று போதும். அதுவும் இல்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இருட்டில் ஓடக் கூடாது. இதில் நான் யாரோடும் பேரம் பேச மாட்டேன். காட்டுமாடும் கரடியும் தேயிலைக்குள் நிற்பதைப் பார்க்காத பிள்ளை உங்களில் ஒருத்தரும் இருக்க மாட்டீர்கள். நன்றாக வெளிச்சம் வந்தபிறகு, கூட்டமாக, பெரியவர் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும். காட்டுமாட்டைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நின்று, மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கத்தவோ கல்லெறியவோ படம் எடுக்கவோ கூடாது. அது போகும்வரை அன்றைய ஓட்டம் அங்கேயே நிற்கும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. உயரத்தில் வாழ்கிற, ஓடுகிற உடம்புக்கு இரும்புச்சத்து அதிகம் வேண்டும்; மாதவிலக்கில் நமக்கு அது போகவும் செய்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையை டெஸ்குக்கு அடியில் போடாமல் விழுங்குங்கள். ராகிக் களி, அவரை, கீரையை ஒதுக்காமல் சாப்பிடுங்கள். அந்த நாட்களில் ஓடலாமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், முடியாவிட்டால் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் குரல் கொடுக்கலாம். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிற அம்மாக்களுக்கும் ஒரு வரி. ஓடினால் என்ன கிடைக்கும் என்று என்னிடம் கேட்டீர்கள். கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, அரசு வேலையில் மூன்று சதவீதமும் இருக்கிறது. உண்மைதான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு அது கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்காது. நான் கொடுக்கக்கூடிய வாக்கு ஒன்றுதான்: உங்கள் பெண் எத்தனையாவதாக வந்தாலும், அவள் வரும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டோம். சனிக்கிழமை காலையில் கொழுந்து பறிக்கவோ கேரட் பிடுங்கவோ அவள் கை வேண்டியிருக்கும் என்று தெரியும். ஒன்பது மணிக்கெல்லாம் திருப்பி அனுப்பிவிடுவோம்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி மைதானத்தில் கூடுகிறோம். இரண்டு கிலோமீட்டர்தான்: மைதானத்திலிருந்து ரோட்டுக்கு, அங்கிருந்து தோட்டத்துப் பாதை வழியாக மேலே ஏறித் திரும்பவும் மைதானம். கடைசி ஏற்றம் உங்களுக்குத் தெரியும், சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற இடம். முதலில் வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு அந்த மரங்களுக்குத் திரும்பி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நானும் ஓடுகிறேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, கடந்த நான்கு மாதமாக நடந்தும் ஓடியும் பழகியிருக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் பின்னால் நான்தான் வருவேன். மரத்தடியில் எனக்காக நில்லுங்கள்.

நோட்டு வியாழக்கிழமை வரை வகுப்பில் இருக்கும். எழுத விட்டுப்போனால் பரவாயில்லை, நேராக மைதானத்துக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அத்தை,
இத்தலார்